வந்து சேராத வரைபடங்கள்

எங்கள் வீட்டு மாப்பிள்ளையை, அதாவது என் தங்கச்சி கணவரை, கம்பெனியில் எல்லோரும் 'சரி சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிண்டர் முக்குகிறது என்றாலும் "சரி", பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றாலும் "சரி". ஒரு நாள் ஏ.சி. ஒழுகுகிறது என்று யாரோ சொல்ல, அதற்கும் "சரி" என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனவர். அது அவர் வேலையே இல்லை. கம்ப்யூட்டர்களையும் சர்வர்களையும் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. கல்யாணப் பேச்சு நடந்தபோது, பையன் சர்வர் பக்கம் வேலை பார்க்கிறான் என்று யாரோ சொல்ல, எங்கள் சித்தப்பா எந்த ஓட்டல் என்று கேட்டுவைத்தார். மாப்பிள்ளை அதற்கும் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

நான் அந்த ரகம் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு என் பொறுப்பு. எங்கள் கம்பெனி, வீட்டுக்கு வீடு அளவெடுத்து இரும்பு மாடிப்படி செய்து கொடுக்கிறது. தலைமை ஆபீஸும் பட்டறையும் இங்கே இருக்கின்றன. கிளை ஆபீஸ் பஸ்ஸில் அரை நாள் தூரம். புது வீடுகள் அந்தப் பக்கம்தான் அதிகமாக எழும்புகின்றன என்பதால் அளவெடுப்பதும் வரைபடம் போடுவதும் அங்கேதான் நடக்கும். என் தங்கச்சி அங்கே வரைபடப் பிரிவில் இருக்கிறாள்.

முன்பெல்லாம் மாப்பிள்ளையும் அங்கேயேதான் இருந்தார். தலைமை ஆபீஸில் புது சர்வர் வாங்கியதும் அவரை இங்கே இழுத்துப் போட்டுவிட்டார்கள். அவள் அங்கே, அவர் இங்கே, இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மருமகள் அவளோடு அங்கே. சனிக்கிழமை மதியம் மாப்பிள்ளை பஸ் ஏறுவார். திங்கட்கிழமை கண் சிவந்து, சட்டை கசங்கி நேராக ஆபீஸுக்கு வந்து நிற்பார். மற்ற நாளெல்லாம் ஜாகை என் வீட்டில்தான். ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கிற எனக்கே வயிறு எரிந்தது.

ஒரு நாள் நானே பெரிய மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். புருஷன் ஒரு ஊரில், பெண்டாட்டி ஒரு ஊரில், இதற்குப் பெயர் குடும்பமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். அங்கே ஒரு சர்வர், இங்கே ஒரு சர்வர். அங்கே ஒரு வரைபடத்தை மாற்றினால் அது தானாக இங்கேயும் மாற வேண்டும், இங்கே மாற்றினால் அங்கேயும் மாற வேண்டும். இரண்டும் ஒன்று போல இருந்துவிட்டால் யார் எங்கே உட்கார்ந்து வரைந்தால் என்ன, உங்கள் தங்கச்சி தாராளமாக இங்கே வரட்டும் என்றார். ஆனால் இப்போது இரண்டும் ஒன்று போல இல்லை. அது சரியாகிற வரைக்கும் அவள் அங்கேதான் இருந்தாக வேண்டும் என்று முடித்துவிட்டார்.

ஆக, அந்த இரண்டு பெட்டிகளும் ஒத்துப்போனால் என் தங்கச்சி குடும்பம் ஒன்று சேரும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை ஆயுசு முழுக்க பஸ் ஜன்னலில் தலை முட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். விஷயம் அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். எப்படியும் வரத்தானே போகிறாள் என்று மாடி அறைக்கு நல்ல வெளிர் பச்சையில் பெயின்ட் அடித்து, பீரோ வாங்கிப் போட்டு, மருமகளுக்குப் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் சொல்லியும் வைத்துவிட்டேன். எந்த வேலையையும் நான் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

ஆனால் பெட்டிகள் ஒத்துப்போக வேண்டுமே! ஒரு வீட்டுக்காரர் தரையில் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார். தங்கச்சி போய்ப் பார்த்து, வரைபடத்தில் உயரத்தை மாற்றினாள். இங்கே பட்டறைக்காரர்கள் திறந்து பார்த்ததோ பழைய வரைபடம். படி செய்து, நான் பேக்கிங் செய்து, லாரி ஏற்றி அனுப்பி, கொண்டுபோய் நிறுத்தினால் மேலே ஒரு படி குறைகிறது. அந்த மனிதர் கடைசிப் படியில் நின்றபடியே எனக்கு ஃபோன் போட்டார். ஏனென்றால் பெட்டியின் மேல் ஒட்டியிருப்பது என் பிரிவின் நம்பர். இங்கிருந்து மாடிக்கு நான் தாவணுமா பறக்கணுமா என்று கேட்டார். யாரோ செய்த தப்புக்குத் திட்டு எனக்கு.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையைப் பிடி பிடியென்று பிடித்தேன். அவர் திருதிருவென்று முழித்தார். "புரியல மச்சான், எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். எல்லாம் சரியாக இருந்தால் படி எங்கே போனது என்று கேட்டேன். அதுதான் அவருக்கும் புரியவில்லையாம்.

அதிலிருந்து அவர் அவராக இல்லை. முதலில், இரண்டு சர்வர்களின் கடிகாரமும் கொஞ்சம் முன்னே பின்னே ஓடுகிறது, எது புதிய ஃபைல் என்று அவை குழம்புகின்றன என்றார். கடிகாரத்தைச் சரி செய்தார். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி பழைய வரைபடம். அடுத்து, வைரஸைப் பிடிக்கிற சாஃப்ட்வேர் வாசலில் காவலுக்கு நின்றுகொண்டு ஒவ்வொரு ஃபைலையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதால் தாமதம் என்றார். அதைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொன்னார். பிறகு, அனுப்புவதற்கு முன்னால் ஃபைல்களை அடுக்கி வைக்கிற இடம் நிரம்பி வழிகிறது என்று அதைப் பெரிதாக்கினார். பிறகு இன்டர்நெட் லைன் கொடுத்த கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு அவனோடு மல்லுக்கட்டினார். மல்லுக்கட்டினார் என்று நான்தான் சொல்கிறேன். அவர் "சரி, சரி" என்றுதான் சொல்லியிருப்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். தண்ணீர் கேட்டால் டம்ளரில் ஊற்றுவதற்குப் பதில் தட்டில் ஊற்றுவார். என் மனைவி சிரித்துவிட்டு வேறு தட்டு வைப்பாள். ஒரு நாள் என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். நான் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய், குதிகால் வெளியே நிற்க நாள் பூராவும் நொண்டினேன். இந்த மனுஷனை எப்போது வீட்டைவிட்டு அனுப்பப்போகிறோம் என்று மனைவியிடம் புலம்பினேன். அனுப்பறதா, இன்னும் ரெண்டு பேர் சேர்ந்து வரப்போறாங்க என்று அவள் ஞாபகப்படுத்தினாள். அது வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மண்டை காய வைத்த விஷயம் என்னவென்றால், சோதனை போட்டுப் பார்த்தால் எல்லாம் பாஸ். மாப்பிள்ளை அங்கே இருக்கிற யாரையாவது கூப்பிட்டு, சும்மா ஒரு ஃபைலில் நாலு எழுத்து எழுதிப் போடச் சொல்வார். கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அது இங்கே வந்து உட்கார்ந்திருக்கும். நானே ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தேன். 'வந்துட்டேன்' என்று யாரோ குறும்புக்காரன் எழுதி அனுப்பியிருந்தான். அசல் வரைபடம் மட்டும் வராது. நாம் பார்க்கும்போது நல்ல பிள்ளை, திரும்பினால் திருட்டுத்தனம் என்றால் அது என்ன மெஷின்? கழற்றி மாட்டுங்கள் என்று நான் சொன்னேன். பேக்கிங் மெஷினுக்கு நான் செய்கிற வைத்தியம் அதுதான். சர்வரைக் கழற்றி மாட்ட முடியாது மச்சான் என்றார். முடியாதது எல்லாம் உங்களுக்கு வேலையாக வந்து வாய்த்திருக்கிறது என்றேன்.

கடைசியில் அது பிடிபட்டது அவர் அங்கே போனபோதுதான். ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளை ஆபீஸிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அங்கே ஒரு பழக்கம். பெரிய வரைபடம் திறக்க ரொம்ப நேரம் பிடிக்கும், போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். காலையில் அப்படிக் காத்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? அதனால் சாயங்காலம் போகும்போது வரைபடத்தை மூடவே மாட்டார்கள். சேமித்துவிட்டு, மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். திரை கறுப்பானால் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது என்று எண்ணம். அது தூங்காமல் ஃபைலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒருவன் கையில் பிடித்திருக்கிற ஃபைலைப் பிடுங்கி இன்னொரு ஊருக்கு அனுப்ப சர்வருக்கு அனுமதி இல்லையாம். மூடட்டும் மூடட்டும் என்று காத்திருக்கும். ஒரு வாரம் ஒரே வரைபடத்தை வரைந்தால் ஒரு வாரமும் காத்திருக்கும். சோதனைக்கு எழுதுகிற ஃபைலை எழுதியவுடன் மூடிவிடுவதால் அது மட்டும் குதித்துக்கொண்டு வரும்.

இதைச் சொல்லும்போது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை போல இருந்தார். ஒவ்வொரு மேஜையாகப் போய், வேலை முடிந்ததும் வரைபடத்தை மூடிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்திருக்கிறார். எல்லா மானிட்டரின் நெற்றியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார். பெரிய மேனேஜரும் மனமிறங்கி, ஒரு மாதம் தடங்கல் இல்லாமல் ஓடட்டும், மாதக் கடைசியில் டிரான்ஸ்ஃபரில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நான் அன்றைக்கே மாடி அறைக்குத் திரைச்சீலை வாங்கினேன்.

முதல் வாரம் படிகளெல்லாம் ஒழுங்காகப் போயின. எனக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. இரண்டாவது வாரம் ஒரு வரைபடம் வரவில்லை. மூன்றாவது வாரம் இன்னும் இரண்டு. படி குறைகிற அளவுக்குப் போகவில்லை. பட்டறைக்காரர்கள் இப்போது உஷாராகி, செய்வதற்கு முன் கிளைக்கு ஃபோன் போட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. இன்னும் சரியாகவில்லையா என்று அவர் மாப்பிள்ளையைக் கேட்டதற்கு, "பாத்துட்டிருக்கேன் சார், புரியல" என்று சொல்லியிருக்கிறார்.

மறுபடியும் புரியவில்லையா? நான்தான் குழம்பிப்போனேன். காரணம் தெரிந்தாகிவிட்டது, மருந்தும் கொடுத்தாகிவிட்டது, பிறகென்ன? அதுவும் இந்தத் தடவை அவருடைய முழி வேறு மாதிரி இருந்தது. முன்பு குழம்பினால் வாய் ஓயாமல் சர்வரைப் பற்றிப் பேசுவார். இப்போது பேச்சே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மருமகள் ஃபோனில் கூப்பிட்டால் மட்டும் சிரித்தார். பெண்டாட்டி ஃபோனுக்கு வந்தால் "சாப்பிட்டியா, சரி" என்று வைத்துவிடுகிறார். சண்டையோ என்று என் மனைவி சந்தேகப்பட்டாள். இந்த மனுஷனோடு யார் சண்டை போட முடியும் என்று நான் அடக்கிவிட்டேன்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. சாப்பாட்டு இடைவேளையில் நேராக அவர் அறைக்குப் போனேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஏ.சி. குளிரில் பல் கிட்டும். கறுப்புப் பெட்டிகள் இரைந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். இன்றைக்கு எனக்கு பதில் தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் நான் இந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்றேன். யாரோ ஒரு முட்டாள் இன்னும் மூடாமல் போகிறான், அது யார் என்று உங்கள் சர்வருக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும் மச்சான்" என்றார். "அங்க போயிட்டு வந்ததுலேர்ந்து, எந்த மேஜைல எது திறந்திருக்குன்னு இங்கயே தெரியற மாதிரி வெச்சிருக்கேன்."

"அப்ப சொல்லித் தொலைங்களேன். யாரு?"

"உங்க தங்கச்சி."

நான் சிரித்துவிட்டேன். மறந்திருப்பாள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கேஸை மூடிவிட்டு, வாசல்வரை போய், திரும்பி வந்து மூடியிருக்கிறதா என்று பார்க்கிறவள் அவள். பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிறவள். மற்ற ஃபைலை எல்லாம் மூடிவிட்டு ஒரே ஒரு ஃபைலை மட்டும் திறந்து வைத்துவிட்டுப் போகிறாள், வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள், அதுவும் சனிக்கிழமை தன்னைப் பார்த்த பிறகு வருகிற நாட்களில் என்று சொன்னார். கேட்டீர்களா என்றேன்.

"எப்படிக் கேக்கறது? அவளுக்கு என்கூட இருக்கப் பிடிக்கலையோன்னு பயமா இருக்கு மச்சான். கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று வாரமாக இதை மனதில் வைத்துக்கொண்டு, மேனேஜரிடம் புரியவில்லை என்று பொய் சொல்லிக்கொண்டு, அவளைக் காட்டிக்கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்! அங்கேயே ஃபோனை எடுத்துத் தங்கச்சியைக் கூப்பிட்டேன். மெஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். ஏன்டி, அந்த வரைபடத்தை ஏன் மூடாமல் வைத்திருக்கிறாய் என்று எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"தெரிஞ்சுதான் வெச்சிருக்கேன் அண்ணா" என்றாள். "மூடலாம்னுதான் கையைக் கொண்டுபோறேன். மூடினா அங்க வந்தாகணும். கை வரமாட்டேங்குது."

இங்கே வருவதற்கு என்ன கேடு என்றேன். மாடி அறை தயாராக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் சொல்லியாகிவிட்டது, திரைச்சீலைகூட வாங்கிவிட்டேன் என்று அடுக்கினேன். அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அதான் அண்ணா. எனக்கு என்ன கலர் வேணும்னு நீங்க கேக்கல. என் பொண்ணு எங்க படிக்கணும்னு கேக்கல. வர்றியான்னே ஒருத்தரும் கேக்கல. மேனேஜர் உங்ககிட்ட பேசறார், நீங்க அவர்கிட்ட பேசறீங்க, எனக்கு ஆபீஸ்ல யாரோ வந்து வாழ்த்து சொல்றாங்க. இங்க அளவு எடுக்க என்னைத்தான் வரச்சொல்லிக் கேக்கறாங்க. வீட்டுச் சாவி என் கையில இருக்கு. அங்க வந்தா மறுபடியும் உங்க வீட்டுப் பொண்ணு ஆயிடுவேன்."

என் வீட்டுப் பெண்ணாக இருப்பதில் என்ன குறைச்சல் என்று கேட்க வாயெடுத்தேன். புருஷனிடம் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று மட்டும் கேட்டேன்.

"அவர்கிட்ட சொன்னா சரின்னுடுவார். அதான் சொல்லல. வாரா வாரம் பஸ்ல அடிபட்டு வர்ற மனுஷன், வந்ததும் செருப்பைக் கழட்டாமகூடத் தூங்கிடறார். அவர்கிட்ட போய், நான் வரமாட்டேன், நீங்க இப்படியே அலைங்கன்னு எந்த வாயால சொல்றது? எனக்கு அவர் வேணும் அண்ணா. அந்த ஊருதான் வேணாம்."

மாப்பிள்ளை என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். வாங்கினார் என்ன, பிடுங்கினார். அவர் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கி நான் பார்த்ததில்லை.

"நீ ஃபைலை மூடு" என்றார். "நான் அங்க வர்றேன்."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. இவர் "அட, மூடும்மா" என்றார். நான் ஒரு மடையன் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். திரையில் ஒரு வரி மின்னியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "வந்துடுச்சு மச்சான்" என்றார். இத்தனை மாதமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் காத்திருந்தேன். அவர் போய்விடுவார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெரிய மேனேஜர் குழம்பிவிட்டார். பெண்டாட்டியை இங்கே கொண்டுவர வேண்டும் என்று குடும்பமே ஒற்றைக்காலில் நின்றீர்கள், இப்போது நீங்கள் அங்கே போகிறேன் என்கிறீர்கள், எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்றார். இரண்டு சர்வரும் ஒன்று போல ஆகிவிட்டால் யார் எங்கே உட்கார்ந்தால் என்ன என்று நீங்கள்தானே சொன்னீர்கள் சார் என்று மாப்பிள்ளை கேட்டாராம். இந்த மனுஷனுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம். அடுத்த மாதம் உத்தரவு வந்துவிட்டது.

அவர் கிளம்பிய அன்று பஸ் நிலையம்வரை போனேன். பெட்டியை நான்தான் தூக்கினேன், அவரைத் தூக்க விடவில்லை. எந்த சீட், ஜன்னல் பக்கமா, தண்ணீர் இருக்கிறதா என்று எரிந்து எரிந்து விழுந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"கோவமா மச்சான்?"

"பின்ன இல்லாம?"

"அவ மேலயா, என் மேலயா?"

நான் யோசித்துப் பார்த்தேன். தங்கச்சி மேல் இல்லை. அவர் மேல் சத்தியமாக இல்லை. மேனேஜர் மேலும் இல்லை. ஆனால் கோபம் இருந்தது, நன்றாகவே இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"தெரியல" என்றேன். "தெரிஞ்சா ஃபோன் பண்றேன். நீங்க கெளம்புங்க."